நீலக்கட்டம் போட்ட பறவை

ட்ரோன்ட்ஹைம்
9 ஜனவரி 1956

அன்புள்ள மாரென்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. கடிதத்தைப் போட்டாலும் பரவாயில்லை, பார்சலைப் போடாதே. மூன்று வாரம் கண் எரிய உட்கார்ந்து தைத்தது அதில் இருக்கிறது.

உனக்குப் பெண் குழந்தை பிறந்ததை ஹால்வார் எழுதியிருந்தான். என் தம்பி கடிதம் எழுதும் லட்சணம் உனக்குத் தெரியாததா? "பொண்ணு பொறந்திருக்கு. மாரென் நல்லா இருக்கா. லோஃபோட்டனுக்கு மீன் பிடிக்கக் கெளம்பறோம், ஏப்ரல்லதான் திரும்புவேன். படகுக்குப் புதுக் கயிறு வாங்கியாச்சு." அதற்குப் பிறகு கயிற்றைப் பற்றியே ஒரு பக்கம். குழந்தையின் மூக்கு யார் மாதிரி என்று ஒரு வார்த்தை இல்லை.

பார்சலில் ஏழு துணிப் பறவைகள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் மர வளையம் நான் பூ வேலைக்கு வைத்திருந்தது. பறவைகளை அதில் சுற்றிலும் கட்டி, தொட்டிலுக்கு மேலே தொங்கவிட வேண்டும். துணியெல்லாம் எங்கள் தையலகத்தில் மிஞ்சிய துண்டுகள். சிவப்பு, ஒரு டாக்டர் மனைவியின் பாவாடை. கறுப்பு, ஒரு பாதிரியாரின் கோட்டு உள்துணி, அதனால் அந்தப் பறவை கொஞ்சம் முறைத்த மாதிரி இருக்கும். பச்சை இரண்டு, மஞ்சள் ஒன்று, கோடு போட்டது ஒன்று. நீலக்கட்டம் போட்டது ஒன்று. உள்ளே எல்லாவற்றிலும் சுத்தமான ஆட்டுக் கம்பளி.

ஒன்று மட்டும் நான் சொன்னபடி செய். உத்தரத்தோடு சேர்த்து உயரமாகக் கட்டு. குழந்தை பார்க்கத்தான் இவை, பிடிக்க இல்லை.

நான்கு வருஷமாக நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதாததில் நியாயம் இருக்கிறது. அதற்கு மேல் எழுதத் தைரியம் வரவில்லை.

தோர்டிஸ்


சண்ட்வேர்
19 ஜனவரி 1956

தோர்டிஸ் அவர்களுக்கு,

பார்சல் வந்தது. பறவைகள் நன்றாக இருக்கின்றன. நன்றி.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஹால்வார் படகேறும்போது, "அக்கா ஏதாச்சும் எழுதினா பதில் போடு, அவளுக்கும் நம்மள விட்டா யாரு இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆகிறது. நன்றாகக் குடிக்கிறாள். மூக்கு உங்கள் வீட்டு மூக்கு, என்ன செய்வது. பாதிரியார் மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் தீவுக்கு வருவார். அதுவரை இவளுக்கு ஞானஸ்நானம் இல்லை. பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் தண்ணீர் தலையில் படும் வரை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஞானஸ்நானம் ஆகாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக மண்ணுக்கடியில் காத்திருக்கும் பூதங்களுக்குக் காது நீளம். நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

அவை இரும்பைக் கண்டால் அண்டாது, அதனால் தொட்டிலில் கத்தரிக்கோல் இருக்கிறது. இந்தத் தடவை அதை எடுக்க யாருக்கும் கை நீளாது. போன தடவை என் மகன் தொட்டிலிலிருந்து அதை எடுத்து மேஜை டிராயரில் போட்டவர் நீங்கள். "இரும்பப் பார்த்தே ஓடற பூதம், கரண்டு பல்ப பார்த்தா செத்தே போயிருக்குமே" என்றீர்கள். விருந்துக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டாம் நாள் காலையில் அவன் கண் விழிக்கவில்லை. ஆறு வாரக் குழந்தை. நீங்கள் சிரித்ததைவிட நான் சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை.

பறவைகளை உயரமாகக் கட்டச் சொல்லியிருந்தீர்கள். என் வீட்டில் எதை எங்கே கட்டுவது என்று எனக்குத் தெரியும். அவள் முகத்துக்கு ஒரு முழம் மேலேதான் தொங்குகின்றன. அழுதால் ஒன்றைக் கழற்றிக் கன்னத்தோரம் வைக்கிறேன். வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுகிறாள்.

மாரென்


ட்ரோன்ட்ஹைம்
25 ஜனவரி 1956

மாரென்,

தந்தி கிடைத்திருக்கும். "பறவைகளை இறக்கு. குழந்தை பக்கம் வைக்காதே. கடிதம் வருகிறது." கடைக்காரர் ஓலுஃப் அதைப் படித்துவிட்டு, தீவில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுத்தான் உன்னிடம் கொண்டுவந்திருப்பார். அதனால்தான் விஷயத்தை அதில் எழுதவில்லை.

என் ஊசி ஒன்று காணவில்லை.

எங்கள் தையலகத்தில் ஊசி எண்ணாமல் யாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. ஆளுக்குப் பன்னிரண்டு. காலையில் எண்ணி வாங்க வேண்டும், சாயங்காலம் எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் தரையைப் பெருக்கி, தைத்த துணியை உதறி, கிடைக்கும் வரை எல்லாரும் இருக்க வேண்டியதுதான். இருபது வருஷமாக எனக்கு ஒன்று குறைந்ததில்லை. ஆனால் வீட்டில் என் சொந்த ஊசிப் பெட்டியை எண்ணினால் பதினொன்றுதான் இருக்கிறது. பறவைகளை வீட்டில்தான் தைத்தேன். எதற்குள் போனது என்று தெரியவில்லை.

கம்பளிக்குள் போன ஊசி போன இடத்தில் கிடக்காது. அமுக்க அமுக்க நகரும். ஈரம் பட்டால் இன்னும் நகரும். ஒரு பக்கம் குத்தினால் மறுபக்கம் தலை நீட்டும். நீ எழுதியிருந்தாயே, வாயில் வைத்துச் சப்புகிறாள் என்று. அந்த வரியைப் படித்ததும் மிஷினைப் பாதித் தையலில் நிறுத்திவிட்டேன். பக்கத்து மிஷினில் இருக்கும் பெண், "யாராச்சும் செத்துட்டாங்களா தோர்டிஸ்?" என்று கேட்டுவிட்டாள்.

எல்லாவற்றையும் கிழித்துப் பார். அழகாக இருக்கிறதே என்று ஒன்றையும் விட்டுவைக்காதே. மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கம்பளியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் பார். ஹால்வாரின் பழைய திசைகாட்டி வீட்டில் இருக்குமே, அதைப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் ஆடும். இரும்பு இருந்தால் கட்டாயம் ஆடும்.

கிடைத்ததும் "கிடைத்தது" என்று ஒரே ஒரு வார்த்தை தந்தி அடி. திட்ட வேண்டியதைக் கடிதத்தில் திட்டிக்கொள்.

தோர்டிஸ்


சண்ட்வேர்
2 பிப்ரவரி 1956

அண்ணி,

தந்தியை ஓலுஃப் கொண்டுவந்து கையில் கொடுக்கும்போதே, "ஒன் நாத்தனாருக்கு ஒன் தொட்டில் மேல என்னம்மா அப்படி ஒரு கண்ணு?" என்றார். எனக்கும் அப்படித்தான் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் இவள் சொல்லித்தான் என் குழந்தை பக்கத்தில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று நினைத்தேன். உங்கள் மேல் இருந்த கோபத்திலேயே பறவைகளைக் கழற்றாமல் விட்டேன். மூன்று நாள் விட்டேன். கடிதம் வந்த பிறகுதான் கழற்றினேன்.

ஆறையும் கிழித்தேன். மீன் அறுக்கும் கத்தியால் கிழித்தேன், கத்தரிக்கோலைத் தேடக்கூடப் பொறுமை இல்லை. வெள்ளைத் துணி விரித்தேன். முன்னறை முழுக்கக் கம்பளி. சிவப்பில் இல்லை. பாதிரியாரில் இல்லை. ஆறிலும் இல்லை. திசைகாட்டியைக் கம்பளி மேலே பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். முள் அசையவே இல்லை.

ஏழாவதைப் பற்றிக் கேட்காதீர்கள். அது இந்த வீட்டில் இல்லை. வந்த அன்றே போய்விட்டது. அதில்தான் ஊசி இருந்தது என்றால் பிழைத்தேன். ஆனால் எதில் என்று உங்களுக்கே தெரியவில்லையே.

பிறகு திசைகாட்டியைத் தொட்டிலுக்குக் கொண்டுபோனேன். அவள் படுத்திருந்தாள். கால் பக்கம் கொண்டுபோனதும் முள் ஆடியது அண்ணி. சும்மா நடுங்கவில்லை, சுற்றித் திரும்பியது. தலைப் பக்கம் வைத்தால் நிற்கிறது, கால் பக்கம் வைத்தால் திரும்புகிறது. உடுப்பைக் கழற்றிப் பார்த்தேன். இடது குதிகாலில் சிவப்பாக ஒரு புள்ளி, கடுகளவு. நேற்றிலிருந்து அழுகிறாள். அந்தக் காலை உதறி உதறி அழுகிறாள்.

ஊசி உடம்புக்குள் போனால் நடக்கும் என்று சொல்வார்களே. வலை பின்னும் ஒருத்தியின் கையில் ஏறிய ஊசி இரண்டு வருஷம் கழித்துத் தோளில் வந்தது என்று நானே சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இவள் ஒரு சாண் குழந்தை. எங்கே போய் நிற்கும்?

மருத்துவச்சி ஆந்த்ரினாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவள் அடுத்த தீவில் இருக்கிறாள். அலை இப்படி இருந்தால் அவளைக் கொண்டுவர எந்தப் படகும் கிளம்பாது. ஹால்வாருக்குத் தந்தி அடிக்கவில்லை. நடுக்கடலில் இருக்கிற மனுஷன் என்ன செய்வார்? நாளைக்குத் தபால் படகு வந்தால் இது போகும்.

இவளைக் கையிலிருந்து இறக்காமலே இதை எழுதுகிறேன். இவளுக்கும் ஆறு வாரம் ஆகிவிட்டது. அவனுக்கும் ஆறு வாரம்தான்.

மாரென்


ட்ரோன்ட்ஹைம்
7 பிப்ரவரி 1956

மாரென், என் கண்ணே,

நான் பொய் சொன்னேன். ஊசி தவறிப் போகவில்லை. நான்தான் வைத்தேன். எதில் என்றும் எனக்குத் தெரியும். நீலக்கட்டம் போட்டதில்.

இதைத் தந்தியில் சொல்லியிருக்க வேண்டும். தபாலாபீஸில் படிவத்தை வாங்கி எழுதவும் எழுதினேன். அங்கே இருந்த பெண் படித்துவிட்டு, "ஊசிய நான்தான் வெச்சேன்னு போட்டிருக்கீங்க, அப்படியேவா அனுப்பறது?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில், "ஆறிலும் இல்லை, நிச்சயம். ஏழாவது எங்கே" என்று மட்டும் அடித்தேன். குழந்தை உயிரைவிட என் மானம் பெரிதாகப் போய்விட்டது பார்.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் அந்தத் தொட்டிலைக் குனிந்து பார்த்தபோது, திறந்த கத்தரிக்கோலின் முனை உன் மகனின் கைக்கு இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது. நான் கத்தரிக்கோலோடு வாழ்கிறவள், அது என்ன செய்யும் என்று தெரியும். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நீயே நகர்த்தி வைத்திருப்பாய். எனக்குப் பயத்தைச் சொல்ல வராது, கிண்டல்தான் வரும். எடுத்து டிராயரில் போட்டுவிட்டு, ஆள் பார்க்க அந்தப் பல்ப் வசனத்தைச் சொன்னேன்.

பிறகு அவன் போய்விட்டான். டாக்டர் என்னென்னவோ சொன்னார், இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நான்கு வருஷமாக விடிந்தால் முதலில் வருகிற நினைப்பு, எடுக்காமல் இருந்திருந்தால் என்பதுதான். நான் எதையும் நம்பாதவள் மாரென். நம்பாமலே பயப்பட முடிகிறது.

அவனுக்கு நான் தைத்த போர்வை நினைவிருக்கிறதா, நீலக்கட்டம்? அதிலேயே சுற்றித்தான் அவனை மண்ணில் வைத்தீர்கள். அதில் மிஞ்சிய துண்டு ஒரு கை அகலம் என்னிடம் இருந்தது. தூக்கிப் போடவும் முடியவில்லை, வேறெதற்கும் தைக்கவும் முடியவில்லை. இந்தக் குழந்தைக்கென்று பறவைகளை வெட்ட உட்கார்ந்தபோது அந்தத் துண்டை எடுத்தேன். தைத்து முடிக்கும்போது, என் ஊசியிலேயே நல்ல ஊசியாக ஒன்றை எடுத்து, மெழுகு நூலால் தடிமனாகச் சுற்றி, முதுகுத் தையலோடு சேர்த்து உள்ளே கட்டினேன். உன் கத்தரிக்கோலை எடுத்த கைதானே, அந்தக் கையாலேயே ஒரு இரும்பைத் திருப்பி வைக்கலாம் என்று. உத்தரத்தில் உயரமாகத் தொங்கினால் யாருக்கும் ஆபத்தில்லை, உனக்கும் தெரியப்போவதில்லை. இதுதான் என் கணக்கு. நீ அதைக் கழற்றி வாயில் கொடுப்பாய் என்று நான் கண்டேனா?

அதனால் கேட்கிறேன், ஏழாவது எங்கே? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் இந்த நிமிஷமே ஓடிப்போய் வாங்கு. அடுப்பில் போட்டிருந்தால் சாம்பலைக் கையால் அள்ளாதே. அது உன் வீட்டுக்கு வந்த அன்றே போய்விட்டது என்றால் உன் மகள் உடம்பில் இருப்பது என் ஊசி இல்லை. ஆனால் முள் ஏன் ஆடியது? அந்தச் சிவப்புப் புள்ளி என்ன? எனக்கு ஒன்றும் புரியவில்லை. தையலகத்தில் இன்று இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். குழந்தை இருக்கிறாளா என்று மட்டும் சொல்.

தோர்டிஸ்


சண்ட்வேர்
16 பிப்ரவரி 1956

அன்புள்ள அண்ணி,

"குழந்தை நலம்" என்று நான் அடித்த தந்தி கிடைத்திருக்கும். ஓலுஃப் அதை அனுப்பிவிட்டு அவராகவே ஒரு கப் காபி போட்டுக் கொடுத்தார். தீவே ஒரு வாரமாக என் வீட்டு ஊசியைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

இவள் நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு, வளையத்தில் தொங்கும் வெறும் நூல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆந்த்ரினா எட்டாம் தேதிதான் வந்தாள். கரையேறும்போதே தொப்பலாக நனைந்திருந்தாள், நனைந்த அளவுக்குக் கோபம். நான் அழுது முடிக்கும் வரைகூடக் கேட்கவில்லை. இவளைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு போய், இரும்பு அடுப்புக்குத் தள்ளி மேஜையில் படுக்கவைத்து, உச்சியிலிருந்து பாதம் வரை திசைகாட்டியைப் பிடித்தாள். முள் அப்படியே நின்றது. காலியான தொட்டிலுக்குக் கொண்டுபோனாள். சுற்றித் திரும்பியது. மெத்தையைத் தூக்கினாள்.

கத்தரிக்கோல், அண்ணி. என் கத்தரிக்கோல். யாரும் எடுத்துவிடக்கூடாது என்று நானே துணியில் சுற்றி மெத்தைக்கடியில் கால் பக்கம் செருகி வைத்தது. துணியைக் கிழித்துக்கொண்டு, மெத்தையையும் துளைத்து, முனை அரை நகக்கண் அளவுக்கு மேலே வந்திருந்தது. உதைக்கும்போதெல்லாம் இவள் குதிகாலில் குத்தியிருக்கிறது. இரும்பைத் தேடித் திசைகாட்டியோடு அலைந்தவளுக்குத் தன் கையால் வைத்த இரும்பு ஞாபகத்துக்கு வரவில்லை.

"புள்ளைய பூதம் தூக்கிட்டுப் போகாது, நீதான் கொன்னுப்புட்டிருப்ப" என்றாள் ஆந்த்ரினா. பிறகு நான் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து, "சரி சரி, எங்க வீட்டுலயும்தான் வெச்சிருந்தோம். ஆனா வாசப்படிக்கு மேல வெச்சோம்" என்றாள். இப்போது கத்தரிக்கோல் வாசலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. எடுத்து டிராயரில் போட எனக்கு மனசு வரவில்லை. அந்த அளவுக்குத்தான் நான் மாறியிருக்கிறேன், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பத்தாம் தேதி படித்தேன். அவன் கைக்கு இரண்டு விரல்கடை தள்ளி முனை இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாதத்துக்கு முன் எழுதியிருந்தால் பொய் என்று சொல்லியிருப்பேன். இந்தக் குதிகாலைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஏழாவது பறவை எங்கே என்று கேட்டிருந்தீர்கள்.

பார்சலைப் பிரித்ததும் முதலில் கையில் வந்தது அதுதான். துணியைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு, இதையா என் குழந்தை தொட்டிலில் கட்டச் சொல்கிறாள் என்று கத்தினேன். அடுப்புக் கதவைத் திறந்தும்விட்டேன். போட முடியவில்லை. அவன் போர்வையில் மிஞ்சியது, அது அவனுடையது. அதனால் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம்தான் வெளிச்சம் என்பதால் ஓட்டமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மண் கல்லாக இறுகியிருந்தது. மேலே போட்டிருக்கும் வெள்ளைக் கிளிஞ்சல்களை விலக்கி, தலைமாட்டில் ஒரு கையளவு குழி பறித்து, பறவையை வைத்து மூடினேன். உனக்கு உன் அத்தை அனுப்பியிருக்கிறாள் என்று சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் மறுபடியும் போனேன். கையில் திசைகாட்டி. யாராவது பார்த்திருந்தால் மாரெனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றிருப்பார்கள். பனியில் மண்டியிட்டுத் தலைமாட்டில் வைத்தேன். முள் திரும்பியது அண்ணி. அவன் பக்கமாகத் திரும்பி நின்றது.

அவன் தொட்டிலிலிருந்து நீங்கள் எடுத்த இரும்பு அவனிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்களும் அவனுக்கென்று அனுப்பவில்லை, நானும் தெரிந்து கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் ஆகாமல் போன குழந்தைகள் பெயரில்லாமல் காற்றில் அழுதுகொண்டு அலையும் என்று இந்தத் தீவில் சொல்வது உங்களுக்குத் தெரியும். நான்கு வருஷமாகக் காற்று ஊளையிட்டால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து, காற்றைக் கேட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் நான்காம் தேதி பாதிரியார் வருகிறார். குழந்தையைச் சுமந்துகொண்டு போய்ப் பெயர் சொல்ல ஒருத்தி வேண்டும். ஹால்வார் வர முடியாது. நீங்கள் வாருங்கள். பெயரைக் கோயில் வாசலில் உங்கள் காதில் சொல்கிறேன், அதற்கு முன்னால் சொல்ல மாட்டேன். துண்டுத் துணி கொண்டுவாருங்கள், ஆறு பறவைகளையும் நாசம் பண்ணியிருக்கிறேன். கம்பளியைப் பொறுக்கிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். இங்கேயே என் முன்னால் உட்கார்ந்து தையுங்கள், ஊசியை நான் எண்ணுகிறேன்.

ஒரு பெயரை மட்டும் இப்போதே எழுதுகிறேன். அவனுக்கென்று வைத்து, சொல்லாமலே போய்விட்டது. கல்லிலும் இல்லை, சர்ச் புத்தகத்திலும் இல்லை. ஹால்வாருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவன் பெயர் சிவெர்ட். நீங்கள் வந்ததும் முதலில் அங்கே போய், சத்தமாக ஒரு தடவை கூப்பிடுங்கள்.

மாரென்